இடது கன்னத்து மச்சம்

கடையின் இணையதளத்தில் அவரைப் பற்றி ஒரு பத்தி இருக்கிறது. "எங்கள் முதுநிலை டிஜிட்டல் ஒளிப்பட வல்லுநர். எத்தகைய நெருக்கடியிலும் பதற்றமடையாதவர். துணிச்சலான முடிவுகளை நொடியில் எடுப்பவர். பதினேழு ஆண்டு அனுபவம்."

இதில் பதினேழு ஆண்டு என்பது உண்மை.

மற்றபடி, வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை வந்தவர் பூட்டை இழுத்துப் பார்க்கத் திரும்பிப் போவார். இழுத்துப் பார்த்ததற்குச் சாட்சியாகப் பூட்டைக் கைபேசியில் படமெடுத்துக்கொள்வார். பேருந்தில் ஏறியதும், அது நேற்று எடுத்த படமாக இருந்தால் என்ன செய்வது என்று வியர்ப்பார்.

கடையில் அவருக்குப் பெயர் 'கண்ட்ரோல் எஸ்'. செய்த வேலையைக் கணினியில் சேமிக்க அழுத்தும் இரண்டு விசைகள் அவை. ஒரு காலரை நேராக்கினால் ஒரு சேமிப்பு. ஒரு கண்ணின் சிவப்பை எடுத்தால் இன்னொன்று. மின்சாரம் போய்விடும், கணினி உறைந்துவிடும், கூரை இடிந்து விழும் என்று எதையாவது எதிர்பார்த்தபடியே இருப்பார். அவருடைய விசைப்பலகையில் எஸ் எழுத்து தேய்ந்துபோய் வெறும் கறுப்புக் கட்டமாக நிற்கிறது.

ஆனால் கை இருக்கிறதே, அது பயப்படாத கை. பரு, தழும்பு, மச்சம், விசேஷத்தன்று பார்த்து முளைத்த கட்டி எதுவானாலும் பிரஷ்ஷால் ஒரு தொடல். தோல் பிறந்த குழந்தையின் தோலாகிவிடும். தன் கல்யாண ஆல்பத்தையும் அவரே திருத்தினார். "பொண்ணு அழகா இருக்கா, யாருங்க அது?" என்று அவர் மனைவி இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அன்று காலை ஒன்பதரை மணிக்கு ஒரு நர்ஸ் வந்தாள். இரவுப் பணி முடிந்து நேராக வந்திருந்தாள். கண்கள் தாமாக மூடிக்கொண்டிருந்தன. வெளிநாட்டு மருத்துவமனையில் வேலை கிடைத்திருந்தது. பதினொன்றரைக்குப் பக்கத்துத் தெரு அரசு அலுவலகத்தில் அதற்கான விண்ணப்பத்தைக் கொடுக்க வேண்டும். இன்று விட்டால் அடுத்த முறை ஒன்றரை மாதம் கழித்து. அதற்குள் அந்த வேலை இன்னொருத்திக்குப் போய்விடும்.

"அண்ணே, சீக்கிரம். இந்தப் பழைய போட்டோ சைஸுல வேணும். அங்க வரிசை இப்பவே வாசல் வரைக்கும் வந்திருக்கும்."

முதலாளி ஒரே ஒரு கிளிக் அடித்தார். இரண்டாவது கிளிக் தொழிலுக்கு அவமானம் என்பது அவர் கட்சி. அடித்த கையோடு மெமரி கார்டை உருவி இவரிடம் கொடுத்துவிட்டு, கேமராப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளிவேலைக்குப் போய்விட்டார்.

எப்போதும் மூலப் படத்தை இரண்டு இடங்களில் நகல் எடுத்துவிட்டுத்தான் கண்ட்ரோல் எஸ் வேலையைத் தொடங்குவார். அன்று அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். அவள் பார்ப்பதை இவர் பார்த்தார். நகல் எடுக்கவில்லை. கார்டிலிருந்த மூலத்தையே திறந்தார். பின்னணியை வெள்ளையாக்கினார், சேமித்தார். அளவுக்கு வெட்டினார், சேமித்தார். நடுவில் கை தன் பழக்கப்படி ஏதோ செய்துவிட்டு வந்தது, அதையும் சேமித்தார். எட்டுப் பிரதிகளை உறையில் போட்டுக் கொடுத்தார். அவள் பிரித்துக்கூடப் பார்க்காமல் ஓடினாள்.

பத்தே காலுக்கு, பில் போடும் அக்கா ஒரு பழைய போட்டோவை நீட்டினாள். "தம்பி, அந்தப் பொண்ணு சாம்பிளை மறந்துட்டுப் போயிடுச்சு. எவ்வளவு லட்சணமான மச்சம் பாரு, மிளகு மாதிரி."

கண்ட்ரோல் எஸ் போட்டோவைப் பார்த்தார். இடது கன்னத்தில் மச்சம் இருந்தது. மூடிய படத்தைத் திரையில் மறுபடி திறந்தார். கன்னம் மட்டும் இருந்தது.

அந்தத் திரைக்கு மேலே, அவரே அச்சடித்து, அவரே பிளாஸ்டிக் உறையிட்டு, அவரே நான்கு மூலையிலும் ஒட்டிய அறிவிப்பு தொங்கியது: 'அரசு விண்ணப்பப் படங்களில் முகத்தைத் திருத்தக் கூடாது.'

மூலம் போய்விட்டது. எதுவும் தொலைந்துவிடக் கூடாது என்று பதினேழு வருடம் சேமித்த மனிதர், சேமித்தே தொலைத்திருந்தார். நர்ஸின் எண்ணுக்கு அடித்தார், அணைத்து வைக்கப்பட்டிருந்தது. முதலாளிக்கு அடித்தார்.

"யோவ், மச்சம்தானே? எடுத்தவன் நீ, திரும்ப வெச்சிடு. ஒரு புள்ளி. அதுக்கு என்னைக் கூப்பிடுற!"

வைத்துப் பார்த்தார். படத்தை மூன்று மடங்கு பெரிதாக்கிக் கறுப்பில் ஒரு புள்ளி. ஈ உட்கார்ந்தது போலிருந்தது. பழுப்பு கலந்தார்; காபி சிந்தியது போலிருந்தது. கொஞ்சம் கீழே தள்ளினார். பழைய போட்டோவில் அவள் லேசாகத் திரும்பியிருந்தாள். எனவே சரியான இடம் எது என்பது கடவுளுக்கும் அவள் அம்மாவுக்கும்தான் தெரியும். விண்ணப்பத்தில் அங்க அடையாளம் என்று ஒரு கட்டம் உண்டு. அங்கே உட்கார்ந்திருப்பவர் முகத்தையும் போட்டோவையும் மாறி மாறிப் பார்ப்பார். 'போலிப் படம்' என்று அவர் எழுதுவதை இவர் இங்கிருந்தே பார்த்துவிட்டார்.

"அக்கா, நான் என்ன பண்றது?"

"இத்தனை நேரம் பூட்டை இழுத்துப் பாக்கிற மாதிரி அந்தப் புள்ளியையே இழுத்துக்கிட்டு இருக்கியே. போய்ச் சொல்லு."

"திட்டுவாளே."

"திட்டட்டும். நீ என்ன, திட்டு வாங்காத ஆளா?"

அலமாரியில் ஒரு பழைய கேமரா இருந்தது. பதினேழு வருடம் படங்களோடு வாழ்ந்தவர், பூட்டைத் தவிர வேறெதையும் படமெடுத்ததில்லை. கேமராவைக் கழுத்தில் மாட்டினார். படியிறங்கிப் பாதித் தெரு போய், கேமராவில் கார்டு இருக்கிறதா என்று நின்று பார்த்தார். இருந்தது. பத்தடி நடந்து இன்னொரு தடவை பார்த்தார்.

அவள் வரிசையில் இருந்தாள். முன்னால் இருபது பேர்.

"ஏம்மா... அந்தப் போட்டோவைக் குடுக்காதே. உன் மச்சத்தை நான் அழிச்சிட்டேன்."

சத்தமாகச் சொல்லிவிட்டார் போலும். வரிசை முழுவதும் திரும்பி அவள் கன்னத்தைப் பார்த்தது. அவளும் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு உறையைப் பிரித்தாள்.

"ஐயோ, என்னண்ணே இது! யாரைக் கேட்டு எடுத்தீங்க?"

"யாரையும் கேக்கலைம்மா. கை பழக்கம்."

"நான் ஊசி போடுறவ. கை பழக்கம்னு உங்களுக்கு ரெண்டு போட்டா சும்மா இருப்பீங்களா?"

பின்னாலிருந்த பெரியவர், "சண்டையை வெளியில போய்ப் போடும்மா, உன் இடத்தை நான் பாத்துக்கிறேன்" என்றார்.

வாசலில் காவலாளி கேமராவைப் பார்த்து, இங்கே படம் எடுக்கக் கூடாது என்று கையை ஓங்கினார். எதிரில் ஒரு பல் மருத்துவமனை; அதன் சுவர் வெள்ளை. அதில் அவளைச் சாய்த்து நிறுத்தினார். பூட்டு அசையாது, முகம் அசைகிறது என்பதை அங்கேதான் கண்டுபிடித்தார்.

"ஒம்பது தடவை எடுத்துட்டீங்கண்ணே. நான் தூங்கிடுவேன்."

கடைக்கு ஓடினார். மூன்று நகல் எடுத்தார். சுவர் ஒரு பக்கம் சற்றுச் சாம்பலாக இருந்தது; கண்ணுக்குக் கீழே இரவுப் பணியின் கருவளையம் கிடந்தது; மூக்கருகே ஒரு பரு, 'என்னை எடு' என்று கூப்பிட்டது. வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். இடது கையால் மவுஸைத் தள்ளித் தள்ளி, அளவுக்கு மட்டும் வெட்டி, அச்சுக்குக் கொடுத்தார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

திரும்பியபோது அவளுக்கு முன்னால் இரண்டு பேர். உறையைக் கொடுத்துவிட்டுத் தூணோரம் நின்றார். மேசைக்குப் பின்னிருந்தவர் போட்டோவைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி போட்டோவைப் பார்த்தார். கண்ட்ரோல் எஸ்ஸின் இடது கை, காற்றில் இல்லாத விசைகளை அழுத்திக்கொண்டிருந்தது.

முத்திரை விழுந்தது.

வெளியே வந்த நர்ஸ், "பரு அப்படியே இருக்கேண்ணே, அதையாவது எடுத்திருக்கலாம்ல?" என்றாள்.

இணையதளத்தில் அந்தப் பத்தி இன்னும் அப்படியே இருக்கிறது. அவர் செய்தது இதுதான்: ஒரு பெண்ணின் மச்சத்தைக் கேட்காமல் அழித்தார், நேரம் இருக்கும்போதே ஓடிப்போய் அவளிடம் அதைச் சொன்னார், வேறு படம் எடுத்து, முகத்தைத் தொடாமல் எட்டுப் பிரதி போட்டுக் கொடுத்தார்.