தியாகலிங்கத்தார் கடலைத் திருப்பிக் கொடுத்த கதை

கோப்பாயில் கிணறு வெட்டினவர்கள் எத்தனையோ பேர். தியாகலிங்கத்தார் ஒருவர்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, பதினாலு வயதில் அலவாங்கோடு கல்லுக்குள் இறங்கியவர். இன்றைக்கு எழுபத்தொன்று. வலிகாமத்தில் அவர் தண்ணீர் காணாத ஊர் கிடையாது. ஒரு மிடறு வாயில் விட்டுக் கொப்பளித்தால் போதும், நன்னீரோ உவரோ, இன்னும் எத்தனை வருடத்தில் உவராகுமோ, எல்லாம் சொல்லிவிடுவார். சொன்னது பிழைத்ததில்லை. எங்காவது பிழைத்திருந்தால் அது அந்தக் கிணற்றின் பிழை.

அப்பேர்ப்பட்ட மனிதரை மகள் தர்சினி கனடாவுக்குக் கூப்பிட்டு, ஒரு நாள் பெரிய மீன் காட்சிச்சாலைக்குள் கூட்டிக்கொண்டு போனாள். கண்ணாடிக்குப் பின்னால் பவள முருகைக்கல்லும் பாசியும், பட்டுச்சேலைக் கடையைக் கொட்டிவிட்டதுபோல மீன்களும். பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். இந்து சமுத்திரத்து மீன்கள் என்று மகள் வாசித்தாள். தியாகலிங்கத்தாருக்கு ரத்தம் கொதித்தது. எங்கள் கடல் மீனைப் பார்க்க நாங்களே குளிருக்குள் வரிசையில் நின்று ரிக்கற் எடுப்பதா?

"வீட்டை போய்க் கடல் ஒண்டு கட்டிறன்" என்று அந்த இடத்திலேயே அறிவித்தார். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரக் குழந்தை ஒன்று பயந்து தாயின் காலைக் கட்டிக்கொண்டது.

ஊருக்கு வந்து சொன்னபோது மனைவி கேதீஸ்வரி அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. முட்டை கூட வாசற்படி தாண்டாத சைவ வீடு அது. இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். "வளக்கிறதெண்டால் வளருங்கோ. ஆனா என்ரை வீட்டுக்குள்ளை ஒரு சீவன் செத்துதெண்டால், அண்டைக்கே தொட்டி வெளியிலை."

"ஒண்டும் சாகாது. என்ரை வாக்கு" என்றார். தியாகலிங்கத்தார் கொடுத்த வாக்கு காணி உறுதி மாதிரி.

பிறகென்ன, வேலை பறந்தது. எட்டடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி உயரம். இரண்டாயிரம் லீற்றர் பிடிக்கும் கண்ணாடித் தொட்டி. வீட்டு நிலம் தாங்குமா என்று கண்ணாடிக்காரன் கேட்டான். தியாகலிங்கத்தார் சிரித்துக்கொண்டே விறாந்தைத் தரையோட்டைப் பெயர்த்து, பாறை காணும்வரை தோண்டி, கொங்கிறீற் போட்டார். யானையும் பாகனும் பாகனின் குடும்பமும் ஏறி நிற்கலாம். அடியில் இன்னொரு தொட்டி. அதற்குள் அழுக்கை நுரையாக்கிப் பிரிக்கும் இயந்திரம். அலை அடிக்க இரண்டு பம்புகள். சித்திரை வெயிலில் மீன் அவியாமல் தண்ணீரைக் குளிராக்க ஒரு பெட்டி. முருகை வளர நீல வெளிச்சம். கரண்ட் நின்றால் தானாக எழும்பும் ஜெனரேற்றர். மீனுக்குப் போடும் இறாலுக்கென்று கார்க் கொட்டகையில் தனிக் குளிர்சாதனப்பெட்டி; அதன் கதவைத் திறந்தவன் கை கழுவாமல் வீட்டுக்குள் வரக்கூடாது.

மீனுக்கு ஆள் குருநகர் கொலின்ஸ். கடலட்டை குளிக்கிற சுழியோடி. நாற்பது வயதுக்குள் கடலின் அடியில் நடந்த தூரம் தரையில் நடந்ததைவிடக் கூட. உயிருள்ள முருகையைக் கடலில் உடைப்பது குற்றம் என்று முதல் நாளே சொல்லிவிட்டான். அனுமதி பெற்ற பண்ணையில் வளர்த்த துண்டுகளைத்தான் தெற்கிலிருந்து எடுப்பிக்கவேண்டும். பாறைக்கு எங்கே போவது என்றான். தியாகலிங்கத்தார் அவனை வளவின் பின்பக்கம் கூட்டிக்கொண்டுபோய், கிணறுகளில் கிண்டி எடுத்த சுண்ணாம்புக்கல் குவியலைக் காட்டினார். கல்லெல்லாம் சிப்பியும் சங்கும் பதிந்து கிடந்தது. கோப்பாயும் ஒருகாலத்தில் கடலடிதான் என்று அவர் சொல்ல, கொலின்ஸ் ஒரு கல்லைத் தடவிப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினான்.

கொலின்ஸ் மன்னாருக்குத் தொழிலுக்குப் போயிருந்த ஒன்றரை மாதத்துக்குள் தண்ணீர் விடும் நாள் வந்தது. எந்தக் கடல்? இதிலே தியாகலிங்கத்தாருக்குச் சந்தேகமே வரவில்லை. பூசையறைக்குப் பக்கத்தில் நிற்கப்போகிற கடல் கீரிமலைத் தீர்த்தமாகத்தானே இருக்கவேண்டும். தண்ணீர் ஏற்றும் பவுசர் லொறியைக் கேணியடிக்குப் பக்கத்துக் கரையில் நிறுத்தி, நகுலேஸ்வரரைக் கும்பிட்டு, ஒரு மிடறு கொப்பளித்துப் பார்த்து, "அசல் கடல்" என்று தீர்ப்புச் சொல்லி, நிரப்பிக்கொண்டு வந்தார். கேதீஸ்வரிக்கு மனம் குளிர்ந்து போயிற்று. தொட்டிக்குக் கற்பூரம் காட்டினாள். தினமும் காலையில் கண்ணாடிக்கு முன்னால் ஒரு செவ்வரத்தம்பூ வைத்தாள்.

தைப்பூசத்தன்று மீன் விடுகிறோம், மத்தியானம் சாப்பாடு என்று ஊருக்கெல்லாம் சொல்லியாயிற்று. அதற்கு மூன்று நாள் முன்புதான் கொலின்ஸ் வந்தான். பையிலிருந்து சின்னத் தூரக்கண்ணாடி மாதிரி ஒரு உப்புமானியை எடுத்து, ஒரு துளி விட்டு, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தான். துடைத்துவிட்டு இன்னொருமுறை பார்த்தான்.

"தியாகண்ணை, முப்பத்தஞ்சு காட்டவேணும். இது இருபத்தினாலு."

"உன்ரை குழாய் பழுது. நான் நாக்கிலை பாத்தனான்."

"எங்கை அள்ளினனீங்கள்?"

சொன்னார். கொலின்ஸ் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் திரும்பி நின்றான். கீரிமலையில் நிலத்துக்கடியால் நன்னீர் ஊறிக் கடலுக்குள் போய்க்கொண்டே இருக்கிறது, அதனால்தானே அது தீர்த்தம், அந்தக் கரையில் உப்பு எப்படி முழுசாக இருக்கும் என்று மெதுவாகக் கேட்டான். நாட்டில் எவனுக்கும் தெரியாவிட்டாலும் ஊற்றுக்கண் தேடியே சீவித்த மனிதருக்குத் தெரிந்திருக்கவேண்டாமா? தியாகலிங்கத்தார் கதிரையில் இருந்தார்.

"ஆனையிறவு உப்பு ஒரு மூடை கொட்டினால்?"

"உப்புப் போட்டால் கடலாகாதண்ணை. ஊறுகாய்தான் ஆகும்."

இன்னொரு வழியையும் கொலின்ஸ் மறைக்கவில்லை. பூசத்தன்று இதே தண்ணீரில் மீனை விட்டால் அன்றைக்கு அழகாகத்தான் ஓடும். வந்த சனம் பார்த்துச் சாப்பிட்டுப் போகும். ஆனால் அந்தக் கிழமைக்குள் ஒன்றிரண்டு போய்விடும். தண்ணீரை மாற்றினாலோ, அது ஊறி நிதானத்துக்கு வர இன்னும் இரண்டு கிழமை பொறுக்கவேண்டும்.

ஊருக்குச் சொன்ன நாளா, மனைவிக்குச் சொன்ன வாக்கா? தியாகலிங்கத்தார் தொட்டியைச் சுற்றி ஏழெட்டு முறை நடந்தார். அந்த நேரம் பார்த்து கேதீஸ்வரி பூவோடு வந்தாள்.

"இஞ்சாரும்" என்றார். "என்ரை நாக்குப் பிழைச்சுப் போச்சு."

ஐம்பது வருடக் குடும்பத்தில் கேட்காத வார்த்தை. கேதீஸ்வரி பூவை வைத்துவிட்டு வந்து, காய்ச்சலோ என்று அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். விசயம் விளங்கியதும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

ஆனால் இரண்டாயிரம் லீற்றர் உப்புத் தண்ணீரைக் கோப்பாய்ச் செம்மண்ணில் ஊற்ற முடியுமா? வெங்காயம் கருகும், அயலட்டைக் கிணறு கெடும். கிணறு கொடுத்தவர் கிணற்றைக் கெடுப்பாரா? எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் விடுவது என்று முடிவாயிற்று. பவுசர் கிடைத்தது பூசத்தன்றுதான். சாப்பாட்டுக்கு வந்த சனம், கடல் குழாய் வழியாக வீட்டைவிட்டுப் போவதைக் கண்டு வாயைப் பிளந்தது. முன்வீட்டு குகதாசன் மாஸ்டர், ஓய்வுபெற்ற அதிபர், இதற்காகவே வேட்டி மாற்றிக்கொண்டு வந்திருந்தார்.

"கடலை இரவல் வாங்கித் திருப்பிக் குடுக்கிற முதல் மனிசன் நீர்தான், தியாகலிங்கம்."

"நீர் லைப்ரரியிலை எடுத்த புத்தகத்தையே இன்னும் குடுக்கேல்லையாம், மாஸ்டர். நான் கடலையே குடுக்கிறன்."

சனம் சிரித்த சிரிப்பில் மாஸ்டரும் சேர்ந்துகொண்டார். சாப்பாடு முடிந்ததும் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. ஒரு லொறி, மூன்று ஓட்டோ, மாஸ்டரின் ஸ்கூட்டர் எல்லாம் பவுசருக்குப் பின்னால் கலியாண ஊர்வலம் மாதிரிக் கீரிமலைக்குப் போயின. தண்ணீர் கடலுக்குள் திரும்பி ஓடியபோது ஒருவர் அரோகரா சொல்ல, எல்லோரும் சொன்னார்கள்.

மறுநாள் விடிய, நீலப் பீப்பாக்களோடு காங்கேசன்துறைக்கு வெளியே ஆழத்துக்கு வள்ளம் விட்டார்கள். கொலின்ஸ் உப்புமானியை நீட்ட, தியாகலிங்கத்தார் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்து, முப்பத்தைந்து என்று கரைக்குக் கேட்கக் கத்தினார். பிறகு தண்ணீரில் விரல் தொட்டு நக்கி, நாக்கும் அதையேதான் சொல்கிறது என்றார். கொலின்ஸ் எஞ்சினை இழுத்தான்.

இரண்டு கிழமை கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஏழு மீன்கள் வந்தன. செம்மஞ்சளில் வெள்ளைப் பட்டி போட்ட சோடி, நீலமாய் ஒன்று, மற்றவை பெயர் தெரியாத மினுக்கல்கள். விறாந்தை நிறையச் சனம். வெள்ளைப் பட்டிக்காரன் கிணற்றுக்கல்லின் பொந்தொன்றுக்குள் போய், திரும்பி, சொந்தக் காணிபோல வெளியே எட்டிப் பார்த்தான். தியாகலிங்கத்தார் தொண்டையைச் செருமிக்கொண்டு, கனடாவில் தொடங்கிக் கதை சொல்ல வாயெடுத்தார்.

அதற்குள் கொலின்ஸ் கேதீஸ்வரியின் காதில் ஏதோ சொன்னான். புதிதாக வந்த மீனுக்கு முதல் நாள் வெளிச்சமும் சத்தமும் ஆகாது, பயத்திலேயே செத்துப்போகும் என்பதுதான். கேதீஸ்வரி நேரே போய் லைற்றை நூர்த்தாள்.

"எல்லாரும் வெளியிலை நடவுங்கோ. பாவங்கள், களைச்சு வந்திருக்குதுகள்." கணவன் பக்கம் திரும்பினாள். "நீங்களுந்தான்."

கடலைக் கட்டின மனிதர் முற்றத்துக்குப் போனார். உள்ளே கண்ணாடிக்கு முன்னால் கேதீஸ்வரி கதிரையை இழுத்துப் போட்டு இருந்துகொண்டு, ஒவ்வொன்றாக விரல் விட்டு எண்ணினாள். ஏழு. யன்னல் கம்பிக்கு வெளியே, குகதாசன் மாஸ்டரின் தோளை நெரித்துக்கொண்டு, தியாகலிங்கத்தாரும் குனிந்து எண்ணினார். ஏழு.