கொடுக்காத கரண்ட்

எனக்குக் கொடுக்கப்படாத ஒரு சிகிச்சையில் நான் பூரண குணமடைந்தேன். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

எண்பதுகளின் கடைசி. மஞ்சக்குட்டைப் பக்கம் மலைமேல் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தேன். என் இதயம் தாளம் தப்பித் துடிக்க ஆரம்பித்திருந்தது. ஒண்டிக்கடை ஏற்றத்தில் நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்கும். மயக்கத்தில் வைத்து நெஞ்சில் மின்சாரம் பாய்ச்சினால் தாளம் திரும்பலாம் என்றார்கள் சேலத்து ஆஸ்பத்திரி ஒன்றில். மயக்க டாக்டர் ஆபரேஷன் தியேட்டரை விட்டு வார்டுக்கு வருவது வாரத்தில் ஒரே நாள். அதுவரை இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை தின்று, அன்று வெறும் வயிற்றோடு மலையிறங்கினேன். மயக்க ஊசி போட்டார்கள்.

கண் விழித்தபோது உலகமே புதிதாக இருந்தது. நெஞ்சு கடிகாரம் போல அடித்தது, சத்தியமாக அடித்தது. பக்கத்துக் கட்டிலில் அதே சிகிச்சைக்குக் காத்திருந்த மலை விவசாயி மிரண்டு போயிருந்தார்.

"ஏனுங்க, நொம்ப வலிக்குமுங்களா?"

"வலியா? எனக்கு இப்ப இருபது வயசுங்க!" என்று ஆரம்பித்து மின்சாரத்தின் மகிமை பற்றி ஒரு பிரசங்கமே செய்தேன். படித்த புத்தகங்களையெல்லாம் வேறு துணைக்கு அழைத்தேன்.

நர்ஸ் வந்தார். "சார், உங்களுக்கு இன்னும் ஷாக்கே குடுக்கலைங்க. ஊசி போட்டதும் கரண்ட் போயிருச்சு. அது வர்றதுக்குள்ள டாக்டரை அவசரமா ஒரு பிரசவத்துக்குக் கூப்பிட்டுட்டாங்க. அடுத்த வாரம் வாங்க."

"அப்ப எனக்கும் அதே மாதிரி குடுக்காம உட்டுரு கண்ணு" என்றார் விவசாயி. பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியும் விட்டார். தடுக்க எனக்கு என்ன யோக்கியதை? அவர் திரும்பி வந்ததாகத் தெரியவில்லை.

அடிவாரம் தாண்டி பஸ் ஏற ஏற, மணிக்கட்டில் விரலை வைத்தபடியே வந்தேன். நாடி பழையபடி தறிகெட்டு ஓடிக்கொண்டிருந்தது. நோயைவிட, நான் ஏமாந்ததுதான் என்னை அடித்துப் போட்டது. என் நெஞ்சைப் பற்றி நான் சொல்வதை நானே நம்ப முடியவில்லை.

அடுத்த வாரம் நிஜமாகவே கொடுத்தார்கள். தாளம் திரும்பியது. காபி பூத்து உதிர்வதற்குள் மறுபடி தப்பியது. இனிமேல் மாத்திரையோடு காலத்தைத் தள்ளுங்கள் என்று கைவிரித்து விட்டார்கள். இன்றும் யாராவது 'சௌக்கியமா?' என்று கேட்டால், தெரியாத கேள்வியைப் பார்த்த மாணவன் போல விழிக்கிறேன்.

அவர்கள் கைவிரித்த அன்று, வீட்டுக்கு வந்து நாடியைப் பிடித்துப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். என் மனைவி காபியை வைத்துவிட்டுச் சொன்னாள்: "நெசமான கரண்டுக்கு அந்த இல்லாத கரண்டே தேவலைங்க. செத்த நேரமாவது நல்லா இருந்தீங்க."