அண்ணன் போட்ட கோடு

பாதி தேய்ந்த ஊதாப் பென்சில் ஒன்று என் மேசையில் கிடக்கிறது. நுனியை நாக்கில் நனைத்து எழுதுகிற பழைய காப்பியிங் பென்சில். தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறையில் கட்டிங் மாஸ்டராக இருந்த என் அண்ணனுடையது. இதை வைத்து அவன் தோலில் கோடு கிழித்தால் கத்தி நூலளவு விலகாது. அந்தக் கையைப் பற்றிய கர்வம் அவனைவிட எங்களுக்குத்தான் அதிகம்.

அறுபதுகளின் நடுவில் அண்ணன் மனைவிக்கு, என் மதினிக்கு, கழுத்தில் கட்டி வந்தது. புற்று என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் கரண்ட் வைத்தார்கள். கதிர் சிகிச்சைக்கு, தாராவியில் நாங்கள் குடியிருந்த லேபர் கேம்பில் அதுதான் பெயர். கரண்ட் விழவேண்டிய இடத்தைச் சுற்றி டாக்டர் ஊதா மையால் கட்டம் போட்டிருந்தார். அதன்மேல் தண்ணீரோ எண்ணெயோ படக்கூடாது, நாட்டு மருந்து தேடிப் போனால் இங்கே வரவே வேண்டாம் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். அந்த வேகத்தில் யாருக்குக் கேள்வி கேட்கத் தோன்றும்? தலையாட்டிவிட்டு வந்தோம்.

நாளாக ஆகத் தோல் கருகியது. மதினியால் சோறு விழுங்கவும் முடியவில்லை, தூங்கவும் முடியவில்லை. அண்ணன் பொறுக்கமாட்டாமல், ஊர்க்கார வைத்தியர் ஒருவரிடம் சூடு தணிக்கும் தைலம் வாங்கி வந்து தடவினான். மதினி நன்றாகத் தூங்கினாள். விடிந்து பார்த்தால் டாக்டரின் கட்டம் தலையணை உறையில் இருந்தது. கழுத்தில் வெறும் கறைதான்.

அண்ணனுக்கு முகம் செத்துவிட்டது. டாக்டர் விரட்டிவிடுவார் என்ற பயம். பென்சிலை நனைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, நினைவிலிருந்தே கட்டத்தைப் போட்டான். "அப்டியே இருக்குல்லா? ஏலே, அங்க போயி நீ வாயத் தொறக்காத" என்றான். மதினிக்கு இந்தி வராது. ஆஸ்பத்திரியில் அவளுக்காகப் பேசுகிறவன் நான்.

வரிசையில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு அதே யோசனைதான். சொன்னால் வைத்தியம் நின்றுபோகலாம். சொல்லாவிட்டால் கரண்ட் எங்கே விழும்? உள்ளே கூப்பிட்டார்கள். நான் வாயைத் திறக்குமுன் மதினி கழுத்தைத் தொட்டுக் காட்டி, தனக்குத் தெரிந்த நாலு இந்திச் சொல்லை வைத்துச் சொன்னாள்: "சாப், யே தும்கா லைன் நஹி. மேரா ஆத்மி கா லைன்." இது நீங்கள் போட்ட கோடு இல்லை, என் வீட்டுக்காரர் போட்டது. மடியிலிருந்து தைலக் குப்பியையும் எடுத்து மேசைமேல் வைத்தாள்.

டாக்டர் கத்தினார். கத்திக்கொண்டே அளந்தார். அண்ணன் போட்ட கட்டம் இரண்டு விரல் தள்ளியிருந்தது. கட்டியில் பாதி அதற்கு வெளியே. மறுபடி கட்டம் போட்டுவிட்டுக் குப்பியை முகர்ந்து பார்த்தார். தலைக்கும் காலுக்கும் தேய்க்கட்டும், கட்டத்துக்குள் மட்டும் வேண்டாம், எரிச்சல் தாங்காவிட்டால் என்னிடம் சொல்லுங்கள் என்றார். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்று அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

விஷயம் தெரிந்ததும் அண்ணன் பென்சிலை வீசிவிட்டு விம்மி அழுதான். "பட்டறையில உங்க கோடு தப்பாது. இது என் உசுருல்லா, அதான் சொல்லிட்டேன்" என்று மதினி அவனுக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

மதினி பிழைத்தாள். கழுத்துத் தழும்போடு பேரப்பிள்ளைகளைப் பார்த்தாள். அதற்கப்புறம் அண்ணன் கடைசிவரை தோலில் கோடு போட்டது சாக்குக்கட்டியால்தான். இப்போது இருவரும் இல்லை. வீசிய பென்சிலை அன்று எடுத்து வைத்தவன் நான். அது அன்றைக்கு இருந்த நீளத்திலேயே இருக்கிறது.