மிக்கேல்ராஜ் எடுத்த ஆளுங்க

எனக்கு மிக்கேல்ராஜைப் பிடிக்காது. முதல்லயே சொல்லிடுறேன், அப்புறம் நடராசன் பூசி மெழுகுறான்னு எவனும் பேசக்கூடாது. எங்க ஊர் ஹாக்கி கிளப்புல ஒன்பது வருஷம் சென்டர் ஃபார்வர்டா ஆடினவன் நான். முட்டி போயிடுச்சுன்னு சொல்லி என்னை டீமை விட்டுத் தூக்கினவர் அந்த மனுஷன்.

அவர் மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர். சாயங்காலம் ஆனா கிளப்புக்கு மேனேஜர். ஆள் எடுக்கிறதுக்கு அவருக்குன்னு ஒரு வழி உண்டு. தை மாசம் சம்பா அறுப்பு நடக்கும்போது சைக்கிளை ஓரம் கட்டிட்டு வயலையே பார்த்துக்கிட்டு நிப்பார். தலையில நெல்லுக்கட்டோட வரப்புல ஓடுறவங்கள்ல எவன் காலைப் பார்க்காம ஓடுறான், எதிர்ல ஆள் வந்தா எவன் கட்டு சாயாம ஒதுங்குறான், பின்னால வர்றவனுக்கு எவன் "வழுக்குது, பார்த்து வா"ன்னு குரல் கொடுக்கிறான், இதான் அவருக்குக் கணக்கு. அப்படிப் பார்த்து எழுபதாம் வருஷம் கீழத்தெருவுல இருந்து எட்டுப் பேரை எடுத்தார். எட்டுப் பேரும் கூலிக்காரங்க வீட்டுப் பிள்ளைங்க. முதல்ல எடுத்தது வீரையனை; அவன் வந்து ஒரு மாசத்துல என்னைத் தூக்கினார்.

கட்டு தூக்குறவனுக்கு எதுக்குய்யா மட்டைன்னு மேலத்தெருவே சிரிச்சுது. கிளப் தலைவர் இராஜாங்கத்துக்கு மட்டும் சிரிப்பு வரலை. ஊர் நிலத்துல பாதி அவருது. நில உச்சவரம்புச் சட்டம் வந்தப்புறம் பட்டாவுல பேர்தான் மாறுச்சு, நிலம் அவர் கையிலதான். நாங்க ஆடுற திடலும் அவர் இடம்தான். மிக்கேல்ராஜ் அவர்கிட்ட எழுதியே கொடுத்தார். மூணு வருஷம் டைம் வேணும், மாயவரம் கோப்பையில ஃபைனலுக்குக் கொண்டு போகலைன்னா கமிட்டி என்ன முடிவு பண்ணினாலும் சரி, நானும் போயிடுறேன், அந்த எட்டுப் பேரையும் தூக்கிடலாம்னு.

முதல் வருஷம் போன இடமெல்லாம் உதை. ஆறு கோல், ஏழு கோல். நான் டீக்கடையில உட்கார்ந்துக்கிட்டு ஒவ்வொரு தோல்வியையும் சப்புக்கொட்டி ரசிச்சேன். ரெண்டாவது வருஷம் ஒரு கோல், ரெண்டு கோல்னு தோத்தாங்க. அப்பவும் ரசிச்சேன், ஆனா ருசி கொஞ்சம் குறைஞ்சு போச்சு.

மூணாவது வருஷம் தையில அறுப்புக்கூலிப் போராட்டம் ஆரம்பிச்சுது. கீழத்தெரு ஒருத்தரும் அரிவாளைத் தொடலை. இராஜாங்கம் வெளியூர் ஆளை இறக்கினார், கீழத்தெருக்காரங்க வயல்ல செங்கொடி நட்டாங்க, தெருமுனையில போலீஸ் வேன் நின்னுச்சு. மாயவரத்துல செமி ஃபைனல் அன்னைக்குக் காலையில வீரையனோட அண்ணனைப் பிடிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க. வீரையன் வரமாட்டான்னு நினைச்சேன். மட்டையோட வந்து நின்னான்.

நானும் போயிருந்தேன். சொந்த ஊர் தோக்கணும்னு வேண்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன், வெட்கமா இருக்கு சொல்றதுக்கு. எதிர் டீம் ஒரு கோல் போட்டிருந்துச்சு. வீரையன் தனியா கோல்கீப்பருக்கு முன்னால வந்துட்டான், அடிச்சா அவன் பேர் நிக்கும். அவன் பக்கத்துல திரும்பிப் பார்த்தான். கோவிந்தராசுக்கு இன்னும் நல்ல இடம். கோவிந்தராசு யாரு? இராஜாங்கத்தோட அண்ணன் மகன். தன் அண்ணன் ஸ்டேஷன்ல இருக்கிற நேரத்துல வீரையன் அந்த வீட்டுப் பையனுக்குப் பந்தைத் தள்ளினான். கோவிந்தராசு கோல் அடிச்சான். கடைசி நிமிஷத்துல ஒரு பெனால்டி கார்னர்ல ரெண்டுக்கு ஒண்ணுன்னு தோத்துட்டோம். நான் வேண்டினது கிடைச்சுது. ஊர் வந்ததும் டீக்கடைப் பக்கம் போகாம சந்து வழியா வீட்டுக்குப் போனேன்.

அடுத்த ஞாயிறு இராஜாங்கத்தோட ரைஸ் மில்லுல கமிட்டி கூடுச்சு. ஓட்டு ஏழு. மூணு அந்தப் பக்கம், மூணு இந்தப் பக்கம்னு எல்லாருக்கும் தெரியும். ஏழாவது நான். என் கடுப்பு தெரிஞ்சுதான் இராஜாங்கம் என்னைக் கமிட்டியில போட்டிருந்தார். கேட்டுக்கு வெளியில அந்த எட்டுப் பேரும் வெயில்ல நின்னுக்கிட்டிருந்தாங்க.

"மூணு வருஷம், ஃபைனல் இல்லை. மேனேஜர் லட்சணத்தை அவர் எடுத்த ஆளுங்களை வச்சுத்தானே பார்க்கணும்?" இராஜாங்கம் என் தோள்ல கை வச்சார். "முப்பது கோல் போட்ட இவனைத் தூக்கிட்டு எவனெவனையோ எடுத்தீரு. ஏன்னு சொல்லும்."

மிக்கேல்ராஜ் எழுந்து நின்னார். சட்டையெல்லாம் வேர்வை. என்னை ஒரு தடவை பார்த்தார். "முட்டி போயிடுச்சுங்கய்யா."

"அவன் தினம் பத்து மைல் சைக்கிள் மிதிக்கிறான்யா."

"முட்டிதாங்க ஐயா" என்றார் மறுபடியும்.

இராஜாங்கம் பக்கம் நான் கையைத் தூக்கினா போதும், மிக்கேல்ராஜ் கதை முடிஞ்சுது. நான் எழுந்து நின்னேன்.

"முட்டிக்கு ஒண்ணும் இல்லை. நான் கடைசியா ஆடின கும்பகோணம் மேட்ச்ல வீரையன் பதினோரு தடவை ஆளில்லாம நின்னான். நான் ஒரு தடவைகூடப் பந்து கொடுக்கலை. கீழத்தெருக்காரனுக்கு நான் ஏன் கொடுக்கணும்னு கொடுக்கலை. ரெண்டு கோல்ல தோத்தோம். பஸ்ஸுல இவர் என் காதோரமா எண்ணிக்கையைச் சொன்னார். வெளியில சொன்னா நீங்கல்லாம் என் பக்கம் நின்னு வீரையனைத்தான் அனுப்புவீங்க, அதனால முட்டின்னு சொல்லிடுறேன்னார். எனக்கும் அது வசதியா இருந்துச்சு. இவர் இருக்கட்டும், அந்த எட்டுப் பேரும் இருக்கட்டும். என் ஓட்டு அதுக்குத்தான்."

இராஜாங்கம் தோள்ல இருந்து கையை எடுத்தார். நாலுக்கு மூணு. மறுநாள் காலையில திடல்ல டிராக்டர் இறங்கி, கோல் போஸ்ட் வரைக்கும் உழுது போட்டுச்சு. மேலத்தெருவுல என் வீட்டுக்கு மோர்கூடக் கொடுக்கிறதை நிறுத்தினாங்க. மிக்கேல்ராஜ் ஆத்து மணல்ல பிராக்டிஸ் வச்சார்.

ஒரு வாரம் பொறுத்து நானும் பழைய மட்டையை எடுத்துக்கிட்டு ஆத்துக்குப் போனேன். வீரையன் பார்த்தான். என்னை நோக்கி ஒரு பந்தைத் தள்ளினான். நான் திருப்பித் தள்ளினேன்.

"அண்ணே, என்னைத் திரும்ப டீம்ல எடுப்பீங்களா?" என்று கேட்டேன்.

மிக்கேல்ராஜ் என் காலையும் பார்த்தார், முகத்தையும் பார்த்தார்.

"மாட்டேன் நடராசா" என்றார். "முட்டி போயிடுச்சுல்ல உனக்கு."