பிளேட்டு யாரிடம்?

சிவகாசியிலிருந்து விருதுநகர் போகும் காலைப் பேருந்தில் அவரைப் பார்ப்பேன். ஒல்லியான மனிதர், விரல் நகங்களில் எப்போதும் மை. பட்டாசுக் கம்பெனிகளுக்கு லேபிள் அச்சடித்துத் தரும் ஏஜென்ட். அச்சு முடிந்ததும் அச்சுத் தகடான பிளேட்டைத் தானே கழற்றி, செய்தித்தாளில் சுற்றி எடுத்துப் போய்விடுவார். பிளேட்டு கையில் இருந்தால் அதே லேபிளை இன்னொருவன் அடிக்க முடியாது என்பார்.

சின்னக் கம்பெனிகளையும் லேபிள் ஓவியர்களையும் சேர்த்துவைக்கும் ஓர் இணையதளம் அவர் யோசனை. அதை நம்பிப் பாதி ஆர்டர்களை விட்டிருந்தார். தை முதல் திங்களன்று, அதற்காக அமர்த்தியிருந்த புரோகிராமர் வேலையை முடித்துவிட்டதாக என்னிடம் அவர் சொன்னார்.

"வேற யார்கிட்டயும் இதைக் குடுக்க மாட்டேன்னு அவர்கிட்ட எழுதி வாங்கினீங்களா, அண்ணாச்சி?"

"எழுத்து எதுக்கு சார்? பிளேட்டையே வாங்கிட்டேன்லா."

சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். செய்தித்தாளில் சுற்றிய பென் டிரைவ். நான் சிரித்துவிட்டேன்.

ஆடி மூன்றாம் தேதி, அதே இணையதளம் வேறு பெயரில், வேறொருவருடையதாக வந்திருந்தது. மறுநாள் பேருந்தில் அவர் பொட்டலத்தைப் பிரித்து மடியில் வைத்திருந்தார்.

"பிளேட்டு இங்கன இருக்கு. அவன் எதை வச்சு அடிச்சான்?"

எத்தனை நகல் வேண்டுமானாலும் எடுக்கலாம், அந்தப் புரோகிராமரிடமும் ஒன்று இருந்திருக்கும் என்றேன்.

"எல்லாம் ஒண்ணு போலவே இருக்குமா?"

"ஆமா."

"அப்ப இதுதான் மொத பிளேட்டுன்னு நான் எப்படிச் சொல்லுவேன், சார்?"

அவர் அதை மறுபடியும் செய்தித்தாளில், ஓரம் பிசகாமல், சுற்ற ஆரம்பித்தார்.