தம்பிக்கு ஒரு சொல்

எங்கள் பதிப்பகத்தில் இருபத்தாறு வருடம் மெய்ப்புத் திருத்தியவரை எல்லோரும் ‘கமா அக்கா’ என்றுதான் கூப்பிடுவோம். ஒரு கமாவுக்காக எழுதியவரோடு அரை மணி நேரம் மல்லுக்கு நிற்பார். நான் எதிர் மேசையில் அட்டைப்படம் வரைந்துகொண்டிருந்தேன்.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெற்றோர் போன பிறகு வீட்டில் அவரும் தம்பியும்தான். தம்பிக்கு நாற்பது வயது. யாரோடும் அதிகம் பேசமாட்டார். தினமும் தெருவிலுள்ள வீடுகளின் இரும்பு கேட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு நடப்பார். ஒன்று விட்டுப்போனாலும் திரும்பிப் போய் முதலிலிருந்து தொடங்குவார். யாருக்கும் தொந்தரவில்லை. ஆனாலும் அக்கம்பக்கத்தார், “அவரு ஒரு மாதிரி” என்று குரலைத் தாழ்த்துவார்கள். அதைக் கேட்டாலே அக்காவுக்கு முகம் சுண்டிவிடும்.

எங்களிடம் எல்லாத் துறைப் புத்தகங்களும் வரும். வழக்கத்துக்கு மாறான ஒன்றைச் சொல்ல ஒவ்வொருவரும் ஒரு சொல் வைத்திருப்பதை அக்கா கவனித்தார். எதிர்த்திசையில் சுழலும் கோளை வானியல்காரர் ‘விந்தை’ என்றார். பருவம் தப்பிப் பூக்கும் செடி தாவரவியல்காரருக்கு ‘அபூர்வம்’. எந்த வரிசையிலும் அடங்காத எண்ணைக் கணக்கு ஆசிரியர் ‘அழகு’ என்றே எழுதியிருந்தார். எல்லாவற்றையும் அக்கா ஒரு நோட்டில் குறித்துவைத்தார்.

“செடி, நட்சத்திரம்னா ஆசையா எழுதுறாங்க. மனுஷன்னு வந்தா மட்டும் பாரு” என்று ஒருநாள் மருத்துவப் புத்தகப் பக்கமொன்றை என்னிடம் தள்ளினார். ‘பிறழ்வு’, ‘குறைபாடு’, ‘கோளாறு’ என்று இருந்தது.

“உங்க தம்பிக்கு நீங்க என்ன சொல்லு வச்சிருக்கீங்க?”

“தேடிக்கிட்டுதான் இருக்கேன்.”

அந்த வருடம் அவர்கள் தெருவை அகலப்படுத்தினார்கள். முன்சுவர்களை இடித்து, கேட்டுகளைக் கழற்றி ஓரமாகச் சாய்த்துவைத்தார்கள். இரண்டு நாள் தம்பி வாசலிலேயே நின்றார். மூன்றாம் நாள் மதியம் பக்கத்து வீட்டம்மா போன் செய்தார்: “காலையில போனவரு சாப்பிடக்கூட வரலம்மா.”

காவல் நிலையத்துக்கு நானும் கூடப் போனேன். எழுதிக்கொண்டிருந்த காவலர் உயரம், சட்டை நிறம் எல்லாம் கேட்டுவிட்டு, “ஆளு எப்படிம்மா? பேச்சு, நடவடிக்கை?” என்றார்.

அக்கா வாயைத் திறந்தார், சொல் வரவில்லை. எங்களுக்குப் பின்னால் நாலைந்து பேர் காத்திருந்தார்கள்.

“சீக்கிரம் சொல்லுங்க.”

“அவன்... ஒரு மாதிரி, சார்.”

காவலர் அப்படியே எழுதிக்கொண்டார். வெளியே வந்ததும் அக்கா படியில் உட்கார்ந்துவிட்டார்.

“நானே சொல்லிட்டேன்.”

“அவசரத்துல வந்துடுச்சு, அக்கா.”

“அத்தனை சொல்லு சேத்து வச்சிருந்தேன். ஒண்ணுகூட வாய்ல வரல.”

புகார் கொடுத்த மூன்றாம் நாள் தகவல் வந்தது. கேட்டுகளைத் தேடித் தெருத்தெருவாகப் போய், ஊருக்கு வெளியே நெடுஞ்சாலையைக் கடக்கும்போது லாரி மோதியிருக்கிறது. எதிர்ப்பக்கம் குடியிருப்பு வீடுகள் கேட்டுகளோடு வரிசையாக இருந்தன. அங்கே போகத்தான் இறங்கியிருப்பார். ஆஸ்பத்திரியில் அடையாளம் காட்டும்போது அக்கா அழவில்லை. தம்பியின் கைவிரல்களில் ஒட்டியிருந்த துருவைத் தன் புடவை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தார். ஊழியர் இரண்டு முறை கூப்பிட வேண்டியிருந்தது.

பத்திரிகைக்கு இறப்பு அறிவிப்பை நான்தான் எழுத உட்கார்ந்தேன். “என்ன போடலாம்க்கா?” என்றேன்.

“பேரு, வயசு. என் தம்பின்னு போடு. வேற ஒண்ணும் வேணாம்.”

பத்து நாளில் வேலைக்குத் திரும்பினார். ஓய்வுக்கு மூன்று வருடம் இருந்தது. ஒரு வருடத்திலேயே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அதுவரை ஒரு பிழைகூட விடவில்லை. எழுதியவர்களோடு சண்டை போடுவதை மட்டும் நிறுத்தியிருந்தார். அவர்கள் எதைச் சொன்னாலும், “சரி, அப்படியே இருக்கட்டும்” என்பார்.