காத்து எறக்குறது

ஃப்ளோராவின் வலது கையில் சுட்டுவிரலும் நடுவிரலும் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருக்கும். அந்தக் கையால்தான் சாந்தோமில் என் ஜெராக்ஸ் கடைக்கு அடுத்த கடையில் ட்ரோன் பேட்டரிகளைப் பழுது பார்க்கிறாள். வயது முப்பத்தெட்டு. தரமணியில் டிப்ளமா படித்தவள். கல்யாண வீடியோக்காரர்கள் கொண்டுவரும் பேட்டரிகளில் வயர் போயிருந்தால் சரிசெய்து தருவாள். உப்பிப்போன பேட்டரி என்றால் மட்டும், "இது செத்துப்போச்சு, வெச்சிட்டுப் போங்க" என்பாள். அதை வாசலில் மணல் தொட்டிக்குள் வைத்து, பல்பைக் கோத்து, மிச்சமிருக்கும் சார்ஜை வடித்துவிடுவாள். பிறகு முனைகளில் டேப் ஒட்டி, மணல் நிரப்பிய டின்னில் போட்டு, மறுசுழற்சி வண்டி வரும்வரை காப்பாள்.

அந்தக் கை எப்படி வெந்தது என்பதை ஊரே தப்பாகப் பேசியது. வலியைவிட அதுதான் அவளைத் தின்றது.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் ராஜா அண்ணாமலைபுரத்தில் ஃபிரெட்ரிக் என்பவரின் கடையில் வேலை பார்த்தாள். அவரிடம் ஒரு கைவேலை இருந்தது. காத்து எறக்குறது என்று அதற்குப் பெயர். உப்பிய பேட்டரியில் சார்ஜை வடித்துவிட்டுக் குண்டூசியால் குத்தி, அமுக்கி, டேப் போட்டு அடைத்து, மேலே புது உறை மாட்டி விற்றுவிடுவார். ஒருநாள் வேலை அதிகமென்று, சார்ஜை வடிக்காத பேட்டரியோடு ஊசியை ஃப்ளோராவின் கையில் கொடுத்தார்.

"பயமா இருக்கு சார்."

"டயர்ல காத்து புடுங்குற மாதிரிதாம்மா. ஒண்ணியும் ஆவாது."

குத்தினாள். குப்பென்று பற்றிக்கொண்டது.

அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பாவி மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? வீடியோக்காரர்களின் வாட்ஸப் குழுவில் வாய்ஸ் மெசேஜ் பேசிப் போட்டார். "நம்ம கடை பேட்டரி மேல தப்பு இல்ல. அந்தப் பொண்ணு கைத்தவறா குத்திகிச்சு." அவ்வளவுதான். கைத்தவறுக்காரி என்று பேர் வந்தது. பாதிப் பேர் இன்றைக்கும் அவளிடம் வேலை கொடுப்பதில்லை.

போன மாதம் ஜாஸ்பர் என்ற வீடியோக்காரர், ஃபிரெட்ரிக்கிடம் வாங்கிய பேட்டரி இரண்டே வாரத்தில் உப்பிவிட்டதென்று அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார். உறையைப் பிரித்தாள். உள்ளே டேப் போட்டு அடைத்த ஊசித் துளை. "வாடா மவனே" என்றாள் மெல்ல.

துளையைப் பற்றி அவள் சொல்லியனுப்ப, மறுநாள் மதியம் ஜாஸ்பர் ஃபிரெட்ரிக்கையே கையோடு கூட்டிவந்தார்.

"இன்னா ஃப்ளோரா, துளியூண்டு காத்துக்கு எம்மாம் சீன் போடுற? குடு, எறக்கித் தர்றேன்."

பேட்டரியை மணல் தொட்டியில் வைத்து, ஒரு குண்டூசியை நீட்டினாள் ஃப்ளோரா. அதில் சார்ஜே இல்லை, முந்தின நாளே வடித்தாயிற்று என்பது அவளுக்கும் எனக்கும்தான் தெரியும்.

"எறக்குங்க சார். இங்கியே."

"கடைக்குப் போயி..."

"டயர்ல காத்து புடுங்குற மாதிரிதானே? குத்துங்க."

"குத்துங்கண்ணே, பாக்கலாம்" என்றார் ஜாஸ்பரும்.

ஃபிரெட்ரிக் ஊசியை வாங்கினார். குனிந்தார். நிமிர்ந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. ஊசியை விசிறியடித்துவிட்டுக் கத்தினார். "பைத்தியமா உனக்கு? சார்ஜோட குத்துனா குப்புனு பத்திக்கும்! கையே பூடும்!"

எதிர் டீக்கடையில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

ஃப்ளோரா ஒட்டிய விரல்களை அவர் மூஞ்சிக்கு நேரே நீட்டினாள். "அப்ப தெரியும். தெரிஞ்சிகினுதானே என் கைல குடுத்தே?"

அவள் வாயிலிருந்து 'சார்' போய்விட்டது. ஃபிரெட்ரிக், "மன்னிச்சுடும்மா" என்றார்.

"மன்னிப்பக் கோயில்ல போய்க் கேளு. அதே குரூப்ல உன் குரல் வரணும். ஃபோனை எடு."

பேசினார். "தவறுதலா நான்தான்..."

"அழி."

"தெரியாத்தனமா..."

"அழி."

மூன்றாம் முறை சூழ்நிலை, அது இது என்று இழுத்தார். அதையும் அழிக்க வைத்தாள். எனக்குக் கொஞ்சம்கூடப் பாவமாக இல்லை. இன்னும் பத்துத் தடவை அழிக்க வைத்தாலும் பார்த்துக்கொண்டு நின்றிருப்பேன்.

நான்காம் முறை நேராகவே பேசினார். "குத்துனா பத்திக்கும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் அந்தப் பொண்ணு கைல ஊசியக் குடுத்தேன்."

"அந்தப் பொண்ணுக்குப் பேர் இல்லியா?" என்றாள். "அழி."

ஐந்தாவதில் ஃப்ளோரா ராஜநாயகம் என்று அப்பா பெயரோடு சேர்த்துச் சொன்னார். அதைத்தான் அனுப்பவிட்டாள்.